ஸ்னிஃப்பில் பி.ஆர்.என். பிசியோ வேலை: வார இறுதிக்கு ஒத்துக்கொள்ளலாமா?

கயல் | டாலஸ்

வணக்கம். நான் பிசியோ, டெக்சாஸ் லைசென்ஸ். வீட்டுக்காரர் எச்-1பி வேலை விசா, நான் துணைவருக்கான எச்-4 விசாவில் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி வாங்கி வேலை பார்க்கிறேன். இதுவரை அவுட்பேஷன்ட் கிளினிக் மட்டும்தான் தெரியும். தோள், முட்டி, இடுப்பு வலி என்று வருகிறவர்கள் எல்லாம் நடந்தே உள்ளே வருவார்கள். இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்னிஃப்பில் (ஆஸ்பத்திரிக்குப் பிறகு நர்ஸிங்கும் தெரபியும் கொடுக்கும் இடம்) சனி, ஞாயிறுக்கு பி.ஆர்.என். பிசியோ, அதாவது தேவைப்படும்போது மட்டும் கூப்பிடும் ஆள், வேண்டுமாம். அங்கே ரீஹேப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். மணிக்கு 58 டாலர். கிளினிக்கில் வாங்குவதைவிட நன்றாகவே கூடுதல்.

போனில் பேசிய அம்மா மூன்று விஷயம்தான் கேட்டார். லைசென்ஸ் உண்டா, சி.பி.ஆர். கார்டு காலாவதி ஆகவில்லையே, இந்தச் சனிக்கிழமையே வர முடியுமா. அவ்வளவுதான் இன்டர்வியூ. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இதைவிட அதிகம் கேட்பார்கள். அதுதான் உறுத்துகிறது.

'90 சதவீதம் புரொடக்டிவிட்டி', அதாவது வேலை நேரத்தில் 90 சதவீதம் நோயாளியோடு, என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். முன்பின் தெரியாத கட்டடத்தில், முன்பின் பார்க்காத நோயாளிகளை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா? சம்மதம் சொல்வதற்கு முன்னால் நான் என்ன கேட்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


சேலத்தார் | மிச்சிகன்

கயல், அந்த உறுத்தல் நல்லது, விட்டுவிடாதீர்கள். அவசரத்துக்குக் காரணம் சொல்கிறேன். ஆஸ்பத்திரிகள் வெள்ளிக்கிழமைதான் படுக்கைகளைக் காலி செய்யும். சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்கு ஆம்புலன்ஸில் இரண்டு மூன்று பேர் ஸ்னிஃப்புக்கு வந்து இறங்குவார்கள். அங்கிருக்கும் பிசியோ நாலரைக்கே வீட்டுக்குப் போயிருப்பார். அவர்களுக்கான எவாலையெல்லாம் (முதல் பரிசோதனையும் சிகிச்சைத் திட்டமும்) சனிக்கிழமை யாராவது செய்தாக வேண்டும். ஆக, உங்களுக்குக் காத்திருப்பது உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வேலை அல்ல. நாள் முழுக்க எவால்.

அதனால் முதலில் எவாலைப் பற்றிக் கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை வரும்? ஓர் எவாலுக்கு எத்தனை நிமிடம் கணக்கில் எடுப்பார்கள்? சில கம்பெனிகள் அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும். அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் புரொடக்டிவிட்டியில்தான் அடிக்கும். சனி, ஞாயிறு ரீஹேப் ரூமில் வேறு யார் இருப்பார்கள் என்றும் கேளுங்கள். 120 கிலோ ஆளைத் தனியாகக் கட்டிலோரம் உட்காரவைக்க முடியாது. டெக் என்னும் தெரபி உதவியாளர் கிடையாது என்றால் சி.என்.ஏ. என்னும் நர்ஸிங் உதவியாளர்கள்தான் கதி. அவர்களோ வார இறுதியில் ஆளுக்குப் பன்னிரண்டு, பதினைந்து பேரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது ஓரியன்டேஷன். வேலை நாள் ஒன்றில், அங்கே நிரந்தரமாக இருக்கும் பிசியோவோடு அரை நாள், சம்பளத்தோடு. இது இல்லாமல் போகாதீர்கள். நோட் எழுதும் சாஃப்ட்வேர் லாகின், நோயாளிகளின் சார்ட் இருக்கும் பாயின்ட்கிளிக்கேர் லாகின் இரண்டும் முதல் நாளுக்கு முன்பே வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பாஸ்வேர்டு எடுக்கவில்லை என்றால் ஹெல்ப் டெஸ்க்கில் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம் ரத்து. சென்சஸ், அதாவது உள்ளே இருக்கும் நோயாளிகள் எண்ணிக்கை, குறைந்தால் காலையில் ஒரு மெசேஜ் வரும், 'இன்று தேவையில்லை'. பி.ஆர்.என். என்றால் அதற்கு நயா பைசா கிடையாது. அவர்கள் ரத்து செய்யலாம் என்றால் நீங்களும் முடியாது என்று சொல்லலாம். இதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். மாதத்துக்கு இத்தனை நாள், வருடத்துக்கு ஒரு பண்டிகை நாள் கட்டாயம் என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். தேங்க்ஸ்கிவிங்கா கிறிஸ்துமஸா என்று முன்னாலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். தீபாவளி அவர்கள் பட்டியலில் இருக்காது.


ரமணி_பி.டி. | ஹூஸ்டன்

நான் பல வருடமாக பி.ஆர்.என். மட்டும்தான். மூன்று கட்டடங்களில் பெயர் கொடுத்திருக்கிறேன், எனக்குத் தோதான நாளில் போவேன். குழந்தைகள் ஸ்கூல் லீவில் இரண்டு மாதம் ஒரு ஷிஃப்ட்கூட எடுப்பதில்லை. மீட்டிங் கிடையாது, ஆபீஸ் அரசியல் கிடையாது, வருடாந்திர மதிப்பீடு என்று யாரும் உட்காரவைத்துப் பேசுவதில்லை. சேலத்தார் அண்ணன் கொஞ்சம் பயமுறுத்துகிறார். நல்ல கட்டடமும் இருக்கிறது, மட்டமான கட்டடமும் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் மூக்கும் காதும் சொல்லிவிடும். கால் பெல் அடித்துக்கொண்டே இருக்கிறதா, மூத்திர வாடை அடிக்கிறதா, பத்து மணிக்கும் ஆட்கள் படுக்கையிலேயே கிடக்கிறார்களா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் அடுத்த முறை போனை எடுக்காதீர்கள்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். ஹெல்த் இன்ஷூரன்ஸ், லீவ் சம்பளம் எதுவும் கிடையாது. என் கணவர் ஆபீஸில் குடும்பத்துக்கே இன்ஷூரன்ஸ் இருப்பதால்தான் எனக்கு இது ஓடுகிறது. 58 டாலரை மட்டும் பார்த்துவிட்டு முழுநேர வேலையை விட்டுவிடாதீர்கள்.


கயல் | டாலஸ்

இரண்டு பேருக்கும் நன்றி. கிளினிக்கை விடப்போவதில்லை, அங்கேதான் இன்ஷூரன்ஸ். 90 சதவீதக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். எட்டு மணி நேரம் 480 நிமிடம். அதில் 432 நிமிடம் நோயாளியோடு. மிச்சம் 48 நிமிடத்தில் சார்ட் படிக்க வேண்டும், ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், நர்ஸிடம் பேச வேண்டும், எல்லா நோட்டும் எழுத வேண்டும், கை கழுவ வேண்டும். பாத்ரூம் போவதைச் சேர்க்கவில்லை. இதை எப்படித்தான் செய்கிறார்கள்?


சேலத்தார் | மிச்சிகன்

பாதிப் பேர் எப்படிச் செய்கிறார்கள் என்றால், கிளாக் அவுட் செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து நோட் எழுதுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் வேலை செய்த நேரம் முழுவதற்கும் கூலி கொடுக்க வேண்டும் என்பது ஃபெடரல் சட்டம். 'நாங்கள் எழுதச் சொல்லவில்லையே' என்று கம்பெனி தப்பிக்க முடியாது. மீதிப் பேர் நோயாளி சைக்கிள் மிதிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிக்கிறார்கள். ஆளைப் பார்த்துக்கொண்டே, பேசிக்கொண்டே எழுதினால் பரவாயில்லை. திரையை மட்டுமே பார்த்துக்கொண்டு பதினைந்து நிமிடம் பில் போட்டால் அது வேறு சமாச்சாரம்.


புதுவை | ஓஹையோ

நான் ரீஹேப் டைரக்டர். இந்த இழையில் எனக்கு அடி விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நிலைமை எப்படி இங்கே வந்தது என்று புதியவர்களுக்குத் தெரியாது. 2019 செப்டம்பர் வரை, முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேரின் பார்ட் ஏ-யில் தெரபி நிமிடம்தான் காசு. வாரத்துக்கு 720 நிமிடம் தொட்டால் 'அல்ட்ரா ஹை', அதுதான் உச்ச ரேட். அப்போது 718-இல் ஒருவர் நின்றால் ஞாயிற்றுக்கிழமை ஆளனுப்பி இரண்டு நிமிடம் எடுக்கவைப்பார்கள். 2019 அக்டோபர் 1-ஆம் தேதி பி.டி.பி.எம். என்ற புதுக் கட்டண முறை வந்தது. இப்போது நோயும் ஆளின் செயல்திறனும்தான் ரேட்டைத் தீர்மானிக்கின்றன. எத்தனை நிமிடம் தெரபி கொடுத்தீர்கள் என்பது இல்லை. நிமிடம் நேற்றுவரை வரவு, விடிந்தால் செலவு. அந்த மாதமே பல கம்பெனிகள் முழுநேர ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. அவர்களில் நிறைய பேர் பி.ஆர்.என். ஆகத் திரும்பி வந்தார்கள். இருபதாம் நாளுக்குப் பிறகு அந்த ரேட்டில் பி.டி. (பிசியோ), ஓ.டி. (அன்றாட வேலைகளுக்கான தெரபி) பங்கு ஏழு நாளைக்கு ஒரு தடவை 2 சதவீதம் இறங்கும். மேலே இருப்பவர்கள் ஏன் புரொடக்டிவிட்டி, குரூப் என்று துடிக்கிறார்கள் என்பது இதில் அடங்கிவிட்டது. அந்த எண்ணை நான் உருவாக்கவில்லை. வாரா வாரம் அதற்குப் பதில் சொல்வது மட்டும் நான்.

கயலுக்கு ஒரு உள்விஷயம். 90 என்பது விளம்பர விலை. கட்டடத்துக்குப் புதியவர், எவால் அதிகம் என்றால் முதல் மாதம் 75, 80 என்று குறைக்கும் உரிமை பெரும்பாலான டைரக்டர்களுக்கு உண்டு. ரெக்ரூட்டரிடம் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது. ரீஹேப் டைரக்டரிடம் நேராகக் கேளுங்கள், மெயிலில் பதில் வாங்குங்கள்.

உங்கள் எவாலில் எனக்கு வேண்டியது மெடிகேர் மதிப்பீட்டுப் படிவத்தின் செக்‌ஷன் ஜி.ஜி. சேர்ந்த முதல் மூன்று நாளில் ஆள் சாதாரணமாக என்ன செய்கிறார் என்பதற்கு 06 முதல் 01 வரை மார்க். தானாகச் செய்தால் 06, முழுக்க அடுத்தவர் செய்தால் 01. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தவருக்கு அந்த மூன்று நாள் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடும். திங்கட்கிழமை நான் வந்து சரி செய்ய முடியாது.


சேலத்தார் | மிச்சிகன்

புதுவை, உங்களை அடிக்க மாட்டேன், உங்கள் நாற்காலியில் நானும் கொஞ்ச நாள் உட்கார்ந்தவன். ஆனால் ஜி.ஜி. பற்றி மிச்சத்தையும் சொல்லியிருக்கலாம். நுழையும்போது மார்க் குறைவாக இருந்தால், வெளியே போகும்போது முன்னேற்றம் பெரிதாகத் தெரியும். ரேட்டும் மாறும். அதனால் 'கொஞ்சம் தாழ்த்திப் போடுங்கள்' என்று வாய்மொழியாக ஒரு வாசகம் சில கட்டடங்களில் சுற்றிக்கொண்டிருக்கும். எழுத்தில் ஒருபோதும் வராது. பி.ஆர்.என். ஆள் அதற்கு வாகான ஆள். திங்கட்கிழமை அவர் அங்கே இருக்க மாட்டார், யாரும் கேள்வி கேட்க முடியாது. கயல், பார்த்ததைப் போடுங்கள். ஒரு கையால் முழங்கை பிடித்ததற்கு 04, எடையில் கொஞ்சம் தாங்கியதற்கு 03, பாதிக்கு மேல் நீங்களே தூக்கியிருந்தால் 02. ராத்திரி ஷிஃப்ட் சி.என்.ஏ. என்ன பார்த்தார் என்பதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். காலை பத்து மணிக்கு உங்களோடு நன்றாக நடந்தவர் நடுராத்திரி டாய்லெட்டுக்கு இரண்டு பேர் பிடித்துப் போயிருக்கலாம்.

குரூப் விஷயமும் அப்படித்தான். இரண்டிலிருந்து ஆறு பேர் வரை ஒரே மாதிரிப் பயிற்சி செய்தால் குரூப், இரண்டு பேர் வெவ்வேறு பயிற்சி செய்தால் கன்கரென்ட். இரண்டும் சேர்ந்து ஒருவரின் மொத்தத் தெரபியில், பி.டி. கணக்கில் மட்டும் பார்த்தால், 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அது அந்த நபருக்கு உதவும் என்று நீங்கள் நினைத்தால் எடுங்கள், காரணத்தை எழுதுங்கள். டைனிங் ஹாலில் கண்ணில் பட்ட நாலு பேரை உட்காரவைத்து பலூன் தட்டிவிட்டு குரூப் என்று எழுதச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள்.


புதுவை | ஓஹையோ

பலூனில் ஒரு தப்பும் இல்லை சார், பேலன்ஸுக்கு நல்லதுதான். ஆள் தேர்வுதான் தப்பு. மற்றபடி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை.


வசந்த் பி.டி.ஏ. | சான் ஆன்டோனியோ

பி.டி.ஏ., அதாவது பிசியோ போட்ட திட்டப்படி சிகிச்சை கொடுக்கும் உதவியாளர்கள், தரப்பில் ஒரு வேண்டுகோள். வார இறுதி பி.ஆர்.என். பிசியோ எழுதும் எவாலை வைத்துக்கொண்டுதான் திங்கள் முதல் வெள்ளி வரை நாங்கள் ஓட்ட வேண்டும். 'கெயிட் டிரெயினிங், ஸ்ட்ரெங்தனிங், பேலன்ஸ்' என்று மூன்று வார்த்தையில் பிளான் எழுதிவிட்டுப் போனால் எங்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. வீட்டுக்குப் போக எத்தனை படி ஏற வேண்டும், எந்தப் பக்கம் கைப்பிடி, முன்பு வாக்கர் இருந்ததா, யார் துணை, இந்த நாலும் இருந்தால் போதும்.

இன்னொன்று. நாங்கள் நோயாளியைப் பார்க்கும் நேரத்தில் பிசியோ போனிலாவது கிடைக்க வேண்டும் என்பது பல மாநிலங்களில் விதி. 'மேற்பார்வை பி.டி.' என்று உங்கள் பெயரைப் போட்டு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் பெயர் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதேபோல் லாகின் செய்ததும் கையெழுத்துக்கு ஒரு வரிசை காத்திருக்கும், பத்தாவது விசிட் புராக்ரஸ் ரிப்போர்ட் என்று. நீங்கள் பார்க்காத ஆளுக்குக் கையெழுத்து போட வேண்டாம். பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.


திருச்சி_எச்1பி | இண்டியானா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் எச்-1பி பிசியோ, ஆஸ்பத்திரியில் வேலை. சனிக்கிழமை மட்டும் இப்படி ஸ்னிஃப்புக்குப் போகலாமா? ரெக்ரூட்டர் 'யு.எஸ். லைசென்ஸ் இருந்தால் போதும்' என்கிறார்.


சேலத்தார் | மிச்சிகன்

போகாதீர்கள் தம்பி. லைசென்ஸ் வேறு, வேலை அனுமதி வேறு. எச்-1பி அந்த முதலாளிக்கு மட்டும்தான். இரண்டாவது இடத்தில் வேலை பார்க்க அந்தக் கம்பெனி உங்களுக்குத் தனியாக ஒரு கன்கரென்ட் பெட்டிஷன் போட வேண்டும். போடும் கம்பெனி உண்டு, ஆனால் பி.ஆர்.என்.-க்குப் போடுவது அரிது. ஏனென்றால் எச்-1பி ஆளை வேலை இல்லை என்று சம்பளமில்லாமல் உட்காரவைக்கச் சட்டம் விடாது. பெட்டிஷனில் சொன்ன மணி நேரத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும். தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்பதும் அதுவும் ஒத்துப்போகாது. கிரீன் கார்டு வரிசையில் ஐ-485 விண்ணப்பம் போட்டு இ.ஏ.டி. வந்த பிறகு தாராளமாகச் செய்யலாம். பிசியோவுக்கு ஷெட்யூல் ஏ என்று, பெர்ம் என்னும் தொழிலாளர் துறைச் சான்று தேவையில்லாத பாதை இருப்பது நல்லதுதான், ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வரிசை வரிசைதான். எதற்கும் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ரெக்ரூட்டர் உங்கள் வக்கீல் இல்லை.


மீனா | நியூஜெர்சி

நான் பிசியோ இல்லை, ஐ.டி.யில் இருக்கிறேன். தேடிக்கொண்டு வந்தபோது இந்த இழை கண்ணில் பட்டது. மறுபக்கத்தையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகி, ஸ்னிஃப்பில் சேர்த்தோம். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பகலில் நான் வேலையில் இருப்பேன். மூன்றாவது நாள் ரிப்போர்ட் கேட்டால் 'ஒத்துழைக்கவில்லை, சொன்னது புரியவில்லை, இரண்டு முறை தெரபி மறுத்துவிட்டார்' என்று எழுதியிருக்கிறது. நினைவாற்றல் சோதனையிலும் மார்க் குறைவு. அதை இங்கிலீஷில் கேட்டிருக்கிறார்கள்! கும்பகோணத்தில் காய்கறிக் கணக்கை மனதிலேயே கூட்டிச் சொல்கிற மனுஷி.

சனிக்கிழமை ஒரு பி.ஆர்.என். பிசியோ வந்தார். பிலிப்பைன்ஸ்காரர். சார்ட்டில் 'மொழி: தமிழ்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, நர்ஸ் ஸ்டேஷனிலிருந்து இன்டர்பிரட்டர் டேப்லெட்டை உருட்டிக்கொண்டு வந்து அம்மாவிடம் கேட்டிருக்கிறார், ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று. அம்மா சொன்ன காரணம் ஆஸ்பத்திரி கவுன். பின்னால் திறந்திருக்கும் அந்த கவுனோடு ஆம்பளைகள் நடமாடும் வராண்டாவில் நடக்க மாட்டேன் என்பதைத்தான் மூன்று நாளாகச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த பிசியோ எனக்கு போன் செய்தார். நைட்டியும் ஒரு துண்டும் கொண்டுபோனேன். அன்றைக்கு மத்தியானம் அம்மா வாக்கர் பிடித்துக் கதவு வரை நடந்தார்.

திங்கட்கிழமை அவர் இல்லை. ஆனால் அவர் எழுதி வைத்த நோட் இருந்தது, இன்ஷூரன்ஸ்காரர்கள் 'முன்னேற்றம் இல்லை' என்று நிறுத்தப் பார்த்தபோது அதுதான் கைகொடுத்தது. மெடிகேர் கவரேஜை நிறுத்துவதற்கு இரண்டு நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதை எதிர்த்து அப்பீல் செய்யலாம் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அம்மா அப்பாவை ஸ்னிஃப்பில் சேர்க்கிறவர்களுக்கு இன்னொன்று: ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுத்திருந்தாலும் 'அப்சர்வேஷன்' என்று போட்டிருந்தால் பழைய மெடிகேரில் அது கணக்கில் வராது. இன்பேஷன்ட் ஆக மூன்று நாள் வேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.


ரமணி_பி.டி. | ஹூஸ்டன்

மீனா, உங்கள் அம்மா நடந்தது சந்தோஷம். இன்டர்பிரட்டர் கொடுக்க வேண்டியது ஸ்னிஃப்பின் பொறுப்பு, அதற்குக் குடும்பத்திடம் காசு கேட்கக் கூடாது. என் கட்டடங்களில் ஸ்பானிஷ், வியட்நாமிய மொழி பேசுகிறவர்களுக்கு இதே கதை நடக்கிறது. 'ரெஃப்யூஸ்டு' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.


கயல் | டாலஸ்

மீனா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சரி, போகலாம் என்றுதான் தோன்றுகிறது. ரீஹேப் டைரக்டரிடம் பேசி அரை நாள் ஓரியன்டேஷன், முதல் மாதம் 80 சதவீதம் என்று மெயில் வாங்கிவிட்டேன். சேலத்தார் அண்ணன், முதல் எவாலை நீங்கள் எந்த வரிசையில் செய்வீர்கள்? கிளினிக்கில் ஆள் தானே வந்து உட்கார்ந்து தன் கதையைச் சொல்லிவிடுவார். இங்கே படுக்கையில் இருப்பவரிடம் எங்கே தொடங்குவது?


சேலத்தார் | மிச்சிகன்

அறைக்குள் போவதற்கு முன்னால் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் கால் ஊன்றலாமா, எவ்வளவு ஊன்றலாம் என்பதைத் தேடுங்கள். அது சர்ஜன் எழுதிய பக்கத்தில் ஒன்றாகவும் நர்ஸ் நகலெடுத்த ஆர்டரில் வேறாகவும் இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஹீமோகுளோபின் எவ்வளவு, ரத்தம் உறையாமலிருக்க மருந்து போகிறதா, காலை பி.பி. மாத்திரையும் வலி மாத்திரையும் எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். கதவில் ஐசொலேஷன் போர்டு இருக்கிறதா? சி.டிஃப் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி என்றால் கவுன், கிளவுஸ். வெளியே வந்ததும் சோப்புத் தண்ணீர். சுவரில் இருக்கும் ஆல்கஹால் ஜெல் அந்தக் கிருமியின் ஸ்போரைக் கொல்லாது.

பிறகு நர்ஸிடம் இரண்டு நிமிடம், சி.என்.ஏ.விடம் மூன்று நிமிடம். இது புரொடக்டிவிட்டியில் அடிக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஆள் உண்மையில் எப்படி எழுகிறார் என்பது சி.என்.ஏ.வுக்குத்தான் தெரியும். பெயர் கேட்டுப் பேசுங்கள், 'எய்ட்' என்று கூப்பிடாதீர்கள். மத்தியானம் இரண்டாவது ஆள் தேவைப்படும்போது அவர்தான் வருவார்.

உள்ளே போனதும் பெயர், பிறந்த தேதி கேட்டு ஆளை உறுதி செய்யுங்கள். புதுக் கட்டடத்தில் பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பிவிடுவது சுலபம். படுத்தபடியே பி.பி. பாருங்கள். கட்டிலைத் தாழ்த்தி, வீல்சேரை நல்ல காலின் பக்கம் வைத்து, இரண்டு பிரேக்கும் போட்டு, கால் தாங்கியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ஆளைப் பிடித்துக்கொள்ளும் கெயிட் பெல்ட் இடுப்பில், அடியில் மூத்திர டியூபும் ஆக்சிஜன் டியூபும் சிக்காமல். கட்டிலோரம் உட்காரவைத்து ஒரு நிமிடம் பொறுங்கள், மறுபடி பி.பி. முகம் வெளுக்கிறதா, பேச்சு நிற்கிறதா என்று பாருங்கள். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அன்றைக்கு நடை இல்லை, நர்ஸிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தபடியே செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். எழும்போது பாதத்தைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லி, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் வரை குனியவிடுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அதுவும் பக்கவாதம் வந்த பக்கத் தோளை ஒருக்காலும் வேண்டாம்.

முடிந்ததும் கால் பெல் கையில், தண்ணீர் எட்டும் இடத்தில், அலாரம் இருந்தால் ஆன் ஆகிவிட்டதா என்று பாருங்கள். வார இறுதியில் தெரபி முடிந்த அரை மணிக்குள் ஆள் விழுந்தால் முதல் கேள்வி உங்களுக்குத்தான் வரும்.


கோவை_பி.பி.டி. | கோயம்புத்தூர்

கடைசி வருட பிசியோ மாணவன். ஸ்னிஃப் என்றால் நம் ஊர் நர்ஸிங் ஹோம் மாதிரியா? பி.பி.டி. முடித்து நேராக அங்கே வர முடியுமா?


ரமணி_பி.டி. | ஹூஸ்டன்

இல்லை தம்பி. இங்கே ஆபரேஷன், தினமும் டாக்டர் ரவுண்ட்ஸ் எல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரம் தெரபி எடுத்து வீடு திரும்புகிறவர்களும், கடைசி வரை அங்கேயே இருக்கும் வயதானவர்களும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். நாலரை வருட பி.பி.டி. மட்டும் வைத்து நேராக வருவது இப்போது கஷ்டம். இங்கே படிப்பு டி.பி.டி. என்ற டாக்டர் பட்ட அளவுக்குப் போய்விட்டது. எஃப்.சி.சி.பி.டி. போன்ற அமைப்பு உங்கள் படிப்பை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும், பலருக்கு மேற்படிப்பு தேவைப்படும். அப்புறம் லைசென்ஸுக்கான தேர்வு என்.பி.டி.இ., 600 எடுத்தால் பாஸ். தனி இழை தொடங்குங்கள், அங்கே விரிவாகப் பேசலாம்.


கணக்கர் | டாலஸ்

கயலுக்கு வரி பற்றி இரண்டு வார்த்தை. டபிள்யூ-2 (கம்பெனி ஊழியர்) பி.ஆர்.என். ஆ, 1099 (தனி ஒப்பந்தக்காரர்) ஆ என்று பார்த்தீர்களா? 1099 என்றால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரண்டு பங்கும் உங்கள் தலையில்தான், 15.3 சதவீதம். அப்போது 58 டாலர் 58 இல்லை. டபிள்யூ-2 என்றாலும் இரண்டு வேலை இருப்பதால் டபிள்யூ-4 படிவத்தில் இரண்டாம் படியை நிரப்புங்கள். இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் குறைவாகப் பிடித்து ஏப்ரலில் மொத்தமாகக் கட்ட வேண்டிவரும். அதே கம்பெனி ஒரே நாளில் உங்களை இரண்டு கட்டடத்துக்கு அனுப்பினால், நடுவில் கார் ஓட்டும் நேரமும் வேலை நேரம்தான்; விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டிலிருந்து முதல் கட்டடத்துக்குப் போவது கணக்கில் வராது.


கயல் | டாலஸ்

டபிள்யூ-2தான், பார்த்துவிட்டேன். மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ் தனியாக என் பெயரிலும் எடுத்துவிட்டேன், கம்பெனியுடையது கம்பெனியைக் காப்பாற்றத்தான் என்று தோழி சொன்னாள்.

முதல் வார இறுதி முடிந்தது. கட்டடம் சுமாராக நன்றாகவே இருக்கிறது, ரமணி அக்கா சொன்ன மூன்று சோதனையிலும் பாஸ். ஆனால் ஒரு சந்தேகம். அடையாளம் எதுவும் சொல்லாமல் கேட்கிறேன். கணுக்கால் உடைந்து பிளேட் வைத்தவர் ஒருவர். சம்மரியில் கால் ஊன்றுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. நர்ஸ் ஆன்-கால் டாக்டருக்கு மெசேஜ் விட்டார், பதில் வரவில்லை. அவரோ 'ஆஸ்பத்திரியில் நடந்தேன், நடக்கவிடுங்கள்' என்கிறார். மகனும் கூடவே நின்று அதையேதான் சொல்கிறார். நான் ஊன்றவே விடவில்லை. படுக்கையில் புரள்வது, உட்கார்வது, ஸ்லைடு போர்டில் வீல்சேருக்கு மாறுவது, கைக்குப் பயிற்சி, இதோடு நிறுத்திவிட்டேன். அவருக்குக் கோபம். ஜி.ஜி.யில் நடை வரிக்கு 01 போடலாமா என்று ஒரு கணம் குழம்பினேன்.


சேலத்தார் | மிச்சிகன்

செய்தது சரி. ஆர்டர் தெளிவாகும் வரை கடுமையான கட்டுப்பாடே கட்டுப்பாடு. ஆஸ்பத்திரியில் நடந்திருக்கலாம், ஒற்றைக் காலில் குதித்தும் 'நடந்தேன்' என்பார்கள். யாரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள், நர்ஸ் யாருக்கு மெசேஜ் விட்டார், மகனிடம் என்ன விளக்கினீர்கள் எல்லாவற்றையும் நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள்.


புதுவை | ஓஹையோ

01 போடாதீர்கள். அது அடுத்தவர் முழுக்கச் செய்தார் என்று அர்த்தமாகிவிடும். உடல்நிலை அல்லது பாதுகாப்பு காரணமாக முயற்சியே செய்யவில்லை என்றால் 88. அவர் மறுத்திருந்தால் 07, ஆனால் இங்கே மறுத்தது நீங்கள்.


கயல் | டாலஸ்

88-தான் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆர்டர் வந்தது: ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது. மகன் பார்க்கிங்கில் என்னைப் பார்த்து ஒன்றும் பேசாமல் போனார். அடுத்த சனிக்கிழமைக்கு மூன்று எவால் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறதாம். ரெக்ரூட்டர் அம்மா இன்று கூப்பிட்டு, பத்து மைல் தள்ளி இன்னொரு கட்டடத்துக்கு ஞாயிறு போக முடியுமா என்று கேட்டார். அங்கே ஓரியன்டேஷன் எப்போது என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.